குழந்தைகளின் அணையாடைகள்: சலவையும் பாதுகாப்பும்

இந்தியாவின் பல இல்லங்களில் பச்சிளங் குழந்தைக்கு இடப்படும் அணையாடை பழைய பருத்திச் சேலையிலிருந்தோ வேட்டியிலிருந்தோ கிழிக்கப்பட்ட துணியே ஆகும். பலமுறை துவைத்த துணி மென்மையாக இருப்பதுடன் நீரையும் விரைவில் உறிஞ்சுகிறது. ஆதலால் இவ்வழக்கம் அறிவுக்கும் பொருந்தியதே. ஆயினும், அதே துணி நாள்தோறும் நனைந்து, துவைக்கப்பட்டு, மீண்டும் அணிவிக்கப்படுகிறது. சலவையிலும் சேமிப்பிலும் நேரும் குறைகள் குழந்தையின் தோலை மட்டுமன்றி, சில வேளைகளில் அதன் உயிரையும் பாதிக்கக்கூடும்.

தோல் சிவந்து புண்ணாவது ஏன்?

சிறுநீரில் யூரியா என்னும் பொருள் கரைந்துள்ளது. மலத்திலுள்ள சில பாக்டீரியாக்கள் இதனைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. இரவு முழுதும் மாற்றப்படாத அணையாடையில் எழும் நெடி இதனுடையதே. அம்மோனியா தோலை நேராகவே புண்ணாக்குகிறது என முன்னர்க் கருதப்பட்டது. 1980-களில் நிகழ்ந்த ஆய்வுகள் இதனைத் தெளிவுபடுத்தின. அம்மோனியாவினால் தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை மிகுகிறது. அந்நிலையில், மலத்தில் உள்ள, புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் வலுப்பெற்று, ஈரத்தில் ஊறிய தோலை அரிக்கின்றன. ஆகவே, நனைந்த துணியை உடனுக்குடன் மாற்றுவதே முதற் பாதுகாப்பாகும்.

துவைக்கும் முறை

முதலில் மலத்தைக் கழிப்பறையில் நீக்கிவிட வேண்டும். குழந்தையின் மலம் தீங்கற்றது என்னும் எண்ணம் தவறானது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் முதலிய கிருமிகள் அதன் வழியே பரவுகின்றன. அலசிய நீரைக் கிணற்றடியிலோ கைப்பம்பின் அருகிலோ ஊற்றுதல் கூடாது.

அடுத்து, துணியைக் குளிர்ந்த நீரில் அலசுதல் வேண்டும். தொடக்கத்திலேயே வெந்நீரில் இட்டால் புரதம் உறைந்து, இழைகளில் கறையாகப் படிந்துவிடும். அதன் பின்னரே சோப்பு இட்டு வெந்நீரில் துவைக்க வேண்டும். வீட்டில் வயிற்றுப்போக்கு கண்டிருக்கும்போது, துவைத்த துணிகளைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தல் நன்று. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பினால் கழுவுதல் இன்றியமையாதது.

கிணற்று நீர் கடினமாக இருப்பின், அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் கூடிக் கரையாத படிவாகின்றன. இப்படிவு தங்கிய துணி விறைத்து, உறிஞ்சும் திறனை இழக்கிறது. நீரில் சிறிதளவு சலவைச் சோடாவை முன்னரே கரைத்தால் கடினத்தன்மை குறையும். நறுமணத்திற்காகச் சேர்க்கப்படும் துணி மென்மையாக்கிகளும் இழைகளின்மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். வெளுப்புத் திரவத்தைச் சிறுநீர் தோய்ந்த துணியின்மேல் ஊற்றலாகாது. அது அம்மோனியாவுடன் கூடி நச்சு வாயுவை உண்டாக்கும்.

இறுதியாக, நல்ல நீரில் மும்முறையேனும் அலசி, வெயிலில் உலர்த்துக. வெயில் ஈரத்தைப் போக்குவதுடன் கிருமிகளையும் குறைக்கும்.

துணியில் தங்கும் நஞ்சு

1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், மகப்பேற்று மருத்துவமனை ஒன்றில் பிறந்த ஒன்பது குழந்தைகள் மிகுதியாக வியர்த்து நோயுற்றன, இரண்டு இறந்தன. சலவையில் சேர்க்கப்பட்ட பூஞ்சைத் தடுப்புப் பொருள் அணையாடைகளில் தங்கி, தோல்வழி உட்புகுந்ததே காரணம் எனப் பின்னர்க் கண்டறியப்பட்டது.

நம் இல்லங்களில் இதற்கு ஒப்பான இடர் பாச்சை உருண்டையால் விளைகிறது. மூத்த குழந்தையின் துணிகளை அடுத்த குழந்தைக்கெனப் பெட்டியில் வைக்கும்போது இவ்வுருண்டைகளை இடுவது வழக்கம். இவற்றுட் பல நாப்தலீனால் ஆனவை. ஜி6பிடி எனச் சுருக்கமாக வழங்கும் நொதி குறைந்து பிறந்த குழந்தையின் சிவப்பணுக்களை நாப்தலீன் சிதைக்கிறது. அதனால் கடும் மஞ்சள் காமாலை தோன்றி, மூளை பழுதுறலாம், உயிரும் போகலாம். நாப்தலீன் எண்ணெயில் கரையுமாதலால், எண்ணெய் தேய்த்த உடலில் அத்துணியை அணிவிப்பது மேலும் தீது.

இவ்வுருண்டை பருத்தித் துணிக்குத் தேவையுமன்று. அந்துப்பூச்சி அரிப்பது கம்பளியையும் பட்டையுமே. கஞ்சியிடாது நன்கு உலர்த்திய பருத்தித் துணிக்கு மூடியுள்ள தூய பெட்டியே போதும்.

செய்துகாட்டும் சோதனை

மஞ்சள் தூளை நீரில் குழைத்துத் தாளில் தடவி உலர்த்துக. இத்தாளின் ஒரு துண்டைச் சாதாரண நீரிலும், மற்றொன்றைக் கடைசியாக அலசிய நீரிலும் தோய்க்க வேண்டும். இரண்டாவது மட்டும் செந்நிறமானால், சோப்பின் காரம் துணியில் இன்னும் உள்ளது என்பது பொருள்; மீண்டும் அலசுதல் வேண்டும். இரண்டும் மஞ்சளாகவே இருப்பின் அலசியது போதும்.

களப்பணியாளர்கள் இல்லங்களுக்குச் செல்லும்போது, துணிகள் எங்கு, எதனுடன் வைக்கப்பட்டுள்ளன என்பதைத் தாயிடம் கேட்டறிதல் வேண்டும். பச்சிளங் குழந்தையின் தோலும் கண்ணும் மஞ்சளித்து, பால் குடிக்க மறுத்தால், சற்றும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புக. பாச்சை உருண்டை இட்ட துணி பயன்பட்டிருப்பின் அதனையும் மருத்துவரிடம் கூறச் செய்தல் அவர்தம் கடமையாகும்.