மீண்டும் நாவல் வாசிக்க: தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சியில் வாங்கிய புத்தகங்கள் ஆடி மாதம் வரை பிரிக்காமல் கிடக்கிற வீடுகள் நிறைய. ஆசை இல்லாமல் யாரும் வாங்குவதில்லை. பெரும்பாலும் முதல் புத்தகம் பொருந்தாமல் போவதுதான் காரணம்.

1. மெலிந்த புத்தகத்தை எடுங்கள்

2022-இல் படம் வந்ததும் பலர் 'பொன்னியின் செல்வன்' வாங்கினார்கள். அருமையான கதை. ஆனால் கல்கி அதை 1950-இல் வாரத் தொடராக எழுதத் தொடங்கி 1954-இல்தான் முடித்தார். அன்றைய வாசகர்கள் வாரக்கணக்கில் காத்திருந்து படித்ததை, வாசிப்பு விட்டுப்போனவர் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் இரண்டாம் பாகத்திலேயே களைத்துவிடுவார். அதைப் பிறகு படிக்கலாம்.

என் முதல் பரிந்துரை பூமணியின் 'வெக்கை' (1982). 'அசுரன்' படத்துக்கு மூலக்கதை இதுதான் என்பதால் உள்ளே நுழைவது எளிது. படம் தகப்பன் பக்கம் சாய்கிறது. நாவல் பதினைந்து வயதுச் சிதம்பரத்தோடு நடக்கிறது. கொலையில் தொடங்கி, அப்பனும் மகனும் ஒளிந்து திரியும் எட்டு நாட்களில் கதை முடிந்துவிடும். முதல் பக்கத்திலிருந்தே விறுவிறுப்பு. அதே சமயம் அந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் பாசம் நெஞ்சைப் பிசையும்.

நகரத்துக் கதை வேண்டுமென்றால் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னைத் தெரு, ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இருவர். இதுவும் சின்னப் புத்தகம்தான்.

2. நூலகத்தில் கேளுங்கள்

சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. ஆகவே கிளை நூலகம் உங்கள் பணத்தில் நடப்பது, தயங்காமல் உறுப்பினராகுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

3. வட்டார வழக்கு தடுக்கினால்

வாய்விட்டுப் படியுங்கள். 'வெக்கை'யின் கரிசல் பேச்சு கண்ணுக்குப் புதிதாகத் தெரியும். காதில் விழுந்தால் புரிந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்ட வேண்டாம். பத்துப் பக்கத்தில் அந்தப் பேச்சு பழகிவிடும்.

4. நேரம்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் போதும். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

5. பிடிக்காவிட்டால்

நாற்பது பக்கம் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள், அது குற்றமல்ல. பிடித்துவிட்டால் அதே எழுத்தாளரின் இன்னொரு நூலுக்குப் போங்கள். பூமணிக்கு 2014-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கித் தந்த 'அஞ்ஞாடி' பெரிய நாவல், அதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

உங்கள் ஊர் நூலகத்தில் 'வெக்கை' இல்லையா? வாங்கி வைக்கச் சொல்லி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள்.