புத்தகத்தில் எண் ஏறுமுன்

பட்டாளத்தில் நான் பார்த்த வேலை துப்பாக்கி வைத்தியம். இ.எம்.இ. பிரிவில் ஆர்மரர், இருபத்துநான்கு வருடம். எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், 9 மி.மீ. பிஸ்டல் என்று என் மேசைக்கு வராத சாமான் இல்லை. அப்படிப்பட்டவன் 2017 கடைசியில் சொந்தக் காசு போட்டு ஒரு புது .32 ரிவால்வர் வாங்கினேன். கடையில் பெட்டியைத் திறந்தேன், எண்ணெய் வாசனை பிடித்தேன், மூடினேன், எங்கள் ஊர் குருவிநத்தத்துக்கு எடுத்து வந்துவிட்டேன். ஆயுசுக்கும் மாட்டுத் தரகு பார்த்தவன், தனக்கென்று வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஓட்டி வந்த கதைதான்.

எதற்கு வாங்கினேன் என்றால் நேரான பதில் என்னிடம் இல்லை. கொல்லையோரத் தனி வீடு, கரும்புப் பணம் கைக்கு வரும் மாதங்கள், கூடவே பழைய தொழில் ஆசை. "பேரப் பிள்ளைங்க ஓடி விளையாடுற வீட்டுல இது எதுக்குங்க?" என்று மனைவி கேட்டாள். இன்றைக்கும் கேட்கிறாள். இரும்புப் பெட்டியில் பூட்டி, குண்டை வேறு பீரோவில் வேறு சாவியில் வைத்தேன். அவளுக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூனில் துப்பாக்கி என்றால் பழைய ஆட்களுக்கு சொல்தா ஞாபகம்தான் வரும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கினவர்களை அப்படித்தான் சொல்வோம். என் சிறுவயதில் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். இந்தோசீனாவில் அவருடைய அதிகாரி இடுப்பில் இருந்த 1892 மாடல் ரிவால்வரைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார். செந்த் எத்தியேன் தொழிற்சாலைச் சரக்கு அது. சிலிண்டர் வலப்பக்கம் திறக்கும். இன்றைய ரிவால்வர்களில் இடப்பக்கம். "கடிகாரம்டா அது" என்பார். அப்போது கதை என்று நினைத்தேன். பிறகு தொழில் கற்றபோதுதான் அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று தெரிந்தது. சுத்தியலை இழுக்கும் நேரத்துக்குள் சிலிண்டர் ஓர் அறை சுழன்று, குழாய்க்கு நேராக வந்து, 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் குண்டு குழாயின் உதட்டில் இடித்து, ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும். இதற்குத்தான் டைமிங் என்று பெயர்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான் உட்கார்ந்து பார்த்தேன். காலி என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்ல இழுத்தேன். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்ளும். குறை மறைந்துவிடும். ஆறு அறையில் ஐந்து ஒழுங்கு. ஒன்று மட்டும் சுத்தியல் முழுக்கப் பின்னால் வந்த பிறகும் பூட்டாமல் ஆடியது. கடையில் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. குழாயின் வாய்க்கும் சிலிண்டர் முகத்துக்கும் நடுவில் ஓர் இடுக்கு உண்டு. வில்லியனூரில் பைக் மெக்கானிக்கிடம் டேப்பட் பார்க்கும் ஃபீலர் கேஜ் இரவல் வாங்கி அளந்தேன். 0.15 மி.மீ. பக்கம் இருந்தால் நல்லது, 0.25-க்கு மேல் போனால் தீயும் ஈயத்தூளும் வெளியே அடிக்கும். ரொம்பக் குறைந்தால் நாலு ரவுண்டு சூட்டில் சிலிண்டர் இறுகும். என்னுடையதில் ஒரு பக்கம் 0.10, மறுபக்கம் 0.25. முகம் சாய்வாகக் கடையப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். குழாயை முறுக்கி மாட்டியவர் அரை நூல் கூடுதலாக முறுக்கியிருந்ததால் முன்குறி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. தூக்கிப் பிடித்து ஜன்னல் சட்டத்தோடு ஒப்பிட்டால் குழந்தைக்கும் தெரியும்.

குழாய்க்குள் பார்க்க டார்ச் வேண்டாம். சிலிண்டரைத் திறந்து, குழாயின் பின்வாய்க்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்து வெயிலைப் பிடித்தால், நகத்தில் பட்ட வெளிச்சம் குழாய்க்குள் ஏறும். எனக்கு முதல் யூனிட்டில் ஒரு நாயப் சுபேதார் கற்றுக்கொடுத்தது. அதிலும் இரண்டு இடத்தில் கருவி உரசிய கோடு. பெட்டி பிரிக்காத புதுத் துப்பாக்கியில்!

ஒரு சோதனை மட்டும் ஒழுங்காகத் தேறியது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. சுத்தியலை முழுக்க இழுத்து நிறுத்தி, குதிரையைத் தொடாமல், சுத்தியலின் முதுகைக் கட்டைவிரலால் முன்பக்கம் அழுத்த வேண்டும். விழக்கூடாது. விழுந்தால் அந்தத் துப்பாக்கியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பட்டாளத்தில் தொழிற்சாலைக்கும் சிப்பாய்க்கும் நடுவில் ஆய்வாளர்கள் இருப்பார்கள், கடைசியில் என்னைப்போல ஓர் ஆர்மரர் இருப்பான். அப்படியும் 1999 கார்கில் குளிரில் இன்சாஸ் மேகசின்கள் விரிசல் விட்டது ஊரறிந்த செய்தி. வெளியே வந்தால் அந்த நடு ஆள் கிடையாது. நான் வாங்கியபோது போட்டியும் கிடையாது. 1980களிலிருந்து சாதாரண லைசென்ஸ்காரர் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்கிக்கொள்ள முடியாது. .38, 9 மி.மீ. எல்லாம் தடைப்பட்ட அளவு. மிஞ்சியது .32, .22, அதிலும் அன்றைக்கு உள்நாட்டில் இரண்டு மூன்று சரக்குதான். எது யார் செய்தது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு துப்பாக்கியை வைத்து ஒரு பட்டறையை எடைபோடுவதும் நியாயமில்லை. அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்துக் குத்தும் புரூஃப் முத்திரை என்னுடையதிலும் இருந்தது. அந்த முத்திரை 'வெடிக்காது' என்று மட்டும்தான் சொல்லும். 'ஒழுங்காக ஓடும்' என்று சொல்லாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, நீதான் ஆர்மரராயிற்றே, நீயே தேய்த்துச் சரி செய்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. கை துறுதுறுத்தது உண்மை. பாகூரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் அரை மணி வேலை. ஆனால் 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவு, அதற்கென்று தனி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதையே குற்றம் என்கிறது. சீருடையைக் கழற்றிய அன்றைக்கே என் கையும் சட்டத்துக்கு அந்நியக் கைதான். பார்க்கலாம், அளக்கலாம், எழுதி வைக்கலாம். அரம் போடக்கூடாது.

சுட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். கரும்புத் தோட்டத்தில் இரண்டு போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. நான் ரைஃபிள் கிளப் ரேஞ்சில் அனுமதியோடு பதினெட்டு ரவுண்டு சுட்டேன். இரண்டு வெடிக்கவில்லை. இங்கே ஒரு விஷயம், ரிவால்வர் வைத்திருப்பவர்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டியது: சுத்தியல் அடித்தும் வெடிக்காவிட்டால் உடனே மறுபடி குதிரையை இழுக்காதீர்கள். இழுத்தால் சிலிண்டர் சுழன்று அந்தக் குண்டு ஓரத்துக்குப் போய்விடும். தாமதமாக வெடிக்கிற குண்டாக இருந்தால் குழாய்க்கு வெளியே வெடிக்கும். குறியைப் பார்த்தபடியே அரை நிமிடம் நிறுத்தி, பிறகு திறக்க வேண்டும். அதேபோல் சத்தம் 'புஸ்' என்று சப்பையாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழாய்க்குள் நிற்கலாம். வெடிக்காத என் இரண்டு தோட்டாவின் பின்பக்கத்திலும் ஊசி பட்ட குழி மேலோட்டமாக இருந்தது. குறை மருந்தில் இல்லை, சுத்தியல் ஸ்பிரிங்கில். அந்த இரண்டையும் கிளப் பயிற்சியாளர் முன்னிலையில் போட்டோ எடுத்தேன். பின்னால் உதவியது அந்தப் போட்டோதான்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான். "புதுசு கொஞ்சம் இறுக்கமாத்தான் சார் இருக்கும், ஐம்பது ரவுண்டு போனா பழகிடும்" என்றார். செருப்பு பழகும்; சிலிண்டர் பூட்டு பழகாது. எழுத்தில் கொடுத்தேன், அளவு, போட்டோ, பில் நகலோடு. மாற்றுத் துப்பாக்கி தர ஒப்புக்கொண்டார்கள். அப்போதுதான் வேறொரு முடிச்சு புரிந்தது. துப்பாக்கி மாறினால் அதன் எண் மாறும். எண் மாறினால் லைசென்ஸ் புத்தகத்தில் பழையதை அடித்துப் புதியதை ஏற்ற வேண்டும். அதற்குத் திரும்பவும் கலெக்டர் அலுவலகம், மனு, காவல் நிலையத்தில் காட்டுவது, எல்லாம் முதலிலிருந்து. புத்தகத்தில் எண் ஏறுவது தாலி ஏறுவது மாதிரி. நான் பழுதுபார்ப்பே போதும் என்று ஒத்துக்கொண்டேன். ஏழு மாதம் ஆயிற்று. ஸ்பிரிங்கும் பூட்டும் சரியாகி வந்தன. முன்குறி இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. நானும் பழகிக்கொண்டேன்.

இன்றைக்கு வாங்குபவருக்கு ஒரு சௌகரியம் கூடியிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து, அதற்கு மேல் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் கட்டியவன் நான். அன்றைக்கு இந்த வழி இல்லை.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். 2019-ல் மார்ச்சில் கொடுத்தது மே 23 வாக்கு எண்ணிக்கை முடிந்துதான் கைக்கு வந்தது. கடற்காற்று அடிக்கிற ஊரில் கோடை முழுக்க ஒரு மூட்டைக்குள். சிலிண்டர் ஓரத்தில் செம்பொடி கட்டியிருந்தது. அதற்குப் பிறகு எண்ணெய் பூசி, தோல் உறையைத் தவிர்த்து (தோல் ஈரம் குடிக்கும்), எண்ணெய்த் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போட்டு, போட்டோ எடுத்து, ரசீதில் நிலைமையையும் எழுதச் சொல்லி வாங்குகிறேன். எழுதுகிற ஏட்டுக்கு முதலில் எரிச்சல்தான்.

போன வருடம் வில்லியனூரிலிருந்து மச்சான் மகன் வந்தான். அவனுக்கும் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. "மாமா, பெட்டியிலேர்ந்து எடுத்தா அப்படியே ரெடிதானே?" என்றான். கூடப் போனேன். கடையில் முதலில் எண்ணைப் பார்க்கச் சொன்னேன்: சட்டகத்தில் பொறித்திருப்பதும் பில்லில் இருப்பதும் ஒன்றா, 6-ம் 8-ம் தெளிவாக விழுந்திருக்கிறதா. அப்புறம் காலி என்று பார்த்து, ஆறு அறைக்கும் சுத்தியலை மெல்ல இழுக்கச் சொன்னேன். நான் தொடவில்லை. நான்காவதில் அவன் கை நின்றது. இன்னொரு சுற்று வந்தான். அதே அறை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கண்ணாடி மேசை மேல் அதை வைத்துவிட்டு, "அண்ணே, வேற காட்டுங்க" என்றான். லைசென்ஸ் புத்தகம் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. கடைக்காரர் அடுத்த பெட்டியை எடுக்க உள்ளே போனார்.