மூன்று பேர் ஓட்டுப் போட்டால் ஒரு கேட்!

டிஜிட்டல் லேபில் 7408, 7432 ஐ.சி.களைச் செருகி ஆண்ட், ஆர் கேட்டுகளைச் சரிபார்த்திருப்போம். அவற்றின் டிரான்சிஸ்டர்களில் மின்னோட்டம் ஓடுகிறது, ஓடினால் சூடு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மின்னோட்டம் ஓடாமலே கேட் செய்ய முடியுமா? 1993-ல் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் லென்ட் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள்.

குவாண்டம் புள்ளி என்பது எலெக்ட்ரானை அடைத்து வைக்கும் நானோமீட்டர் அளவு இடம். நம் ராஜபாளையம் மில்லில் நூற்கும் ஒரு பஞ்சு இழையின் தடிமனே பத்தாயிரம் நானோமீட்டருக்கு மேல்! சதுரத்தின் நாலு மூலையில் நாலு புள்ளி, உள்ளே இரண்டு எலெக்ட்ரான். இதுதான் ஒரு செல். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளை நாலுகால் மண்டபத்தில் உட்காரச் சொன்னால் எதிரெதிர் மூலையில்தானே உட்காருவார்கள்? எலெக்ட்ரான்களும் அப்படித்தான். ஒரு மூலைவிட்டம் 1, மற்றது 0.

செல்களை வரிசையாக வைத்தால் அதுவே ஒயர். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்ட நெரிசலில் ஒருவர் திரும்பினால், யாரும் இடம் மாறாமலே அந்த அசைவு கடைசி ஆள் வரை போகுமல்லவா, அது மாதிரி. மூலையோடு மூலை வைத்தால் 1 என்பது 0 ஆகும்; அது நாட் கேட்.

இனி, ஐந்து செல்களைக் கூட்டல் குறி போல வையுங்கள். மூன்று பக்கம் ஏ, பி, சி என்ற உள்ளீடுகள். நடுச் செல் எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ அதன்படி திரும்பும்; நாலாவது பக்கம் விடை. நம் பேரவைத் தேர்தல் போலவே! இதன் பெயர் மெஜாரிட்டி கேட். சி-யை நிரந்தரமாக 0 ஆக்கினால் ஆண்ட். 1 ஆக்கினால் ஆர். அவ்வளவுதான். ஃபுல் ஆடரின் கேரிக்கு நாம் மூன்று ஆண்ட், இரண்டு ஆர் போடுகிறோம். இங்கே ஒரே மெஜாரிட்டி கேட் போதும்!

1999-ல் நோட்ர டாமில் அலுமினியப் புள்ளிகளால் இந்தக் கேட்டை இயக்கிக் காட்டினார்கள். ஆனால் மைனஸ் 273 டிகிரியை நெருங்கும் குளிரில்! வெப்பம் ஏறினால் எலெக்ட்ரான்கள் நிலைகொள்ளாது. நம் ஊர் சித்திரை வெயிலுக்குத் தாங்குமா? புள்ளி சிறிதானால் தாங்கும். 2009-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் சிலிக்கான் மேல் அணு அளவுப் புள்ளிகளைச் சாதாரண அறை வெப்பத்திலேயே இணைத்துக் காட்டினார்கள். கடைக்கு வரும் ஐ.சி.யாக இது இன்னும் மாறவில்லை.

செய்வதற்குத்தான் கோடிகள் வேண்டும். டிசைன் போடக் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு இதுதான் பெரிய தைரியம். மூன்று மெஜாரிட்டி கேட், இரண்டு நாட் கேட்டில் முழு ஃபுல் ஆடரே அமையும். எப்படி? நீங்களும் போட்டுப் பாருங்க!

— இரண்டாமாண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு