எது நியாயம்?

குடுபல்லிப் பக்கத்தில் பல வீடுகளில் கறவை மாடு உண்டு. காலையில் பாலைக் கறக்கிறோம். தூக்கில் ஊற்றிப் பால் சேகரிக்கும் இடத்துக்கு எடுத்துப் போகிறோம். அங்கே பாலில் ஒரு கருவியை மிதக்க விட்டுப் பார்க்கிறார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அந்தக் கருவி காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு நாள் அந்தக் கருவி உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் யாருக்கும் தெரியாது. ஊற்றலாமா?

மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள்.

முதலாமவர்: "ஊற்ற மாட்டேன். எப்படியாவது தெரிந்துவிட்டால் மானம் போய்விடும்."

இரண்டாமவர்: "ஊற்ற மாட்டேன். நல்ல பால் கொடுத்தால்தான் நாளைக்கும் நல்ல விலை கிடைக்கும்."

மூன்றாமவர்: "ஊற்ற மாட்டேன். அந்தப் பாலை ஏதோ ஒரு குழந்தை குடிக்கும்."

மூவரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். ஆனால் மூவரின் மனமும் ஒன்றல்ல. முதலாமவர் பயந்தார். பயம் போனால் அவர் மாறிவிடலாம். இரண்டாமவர் லாபம் பார்த்தார். விலை குறைந்தால் அவரும் மாறிவிடலாம். மூன்றாமவர் முன்பின் பார்க்காத ஒரு குழந்தையை நினைத்தார். கருவி உடைந்தாலும், விலை இறங்கினாலும் அந்தக் குழந்தை அங்கேதான் இருக்கும்.

நம் செயல் இன்னொருவரை என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்து நடப்பதுதான் நியாயம். அறம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

சட்டம் விட்டால் போதுமா?

"சட்டப்படி நடந்தால் நியாயமாக நடந்ததுதானே?" என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் எப்போதும் அப்படி இல்லை. நம் ஆந்திர மாநிலத்திலேயே நடந்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள்.

சித்தூர், திருப்பதியைத் தாண்டி வடக்கே போனால் நெல்லூர் மாவட்டம் வரும். அங்கே துபகுண்டா என்று ஒரு கிராமம். கூலி வேலை செய்யும் பெண்கள் பலர் அந்த ஊரில் இருந்தார்கள். அப்போது ஊர் ஊராகச் சாராயம் விற்றது. பாக்கெட்டில் அடைத்து, கூலிக்காரர்கள் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வந்தார்கள். ஆண்களின் கூலி சாராயத்துக்குப் போனது. வீட்டில் அரிசி இல்லை. பெண்கள் அடி வாங்கினார்கள். பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள்.

இது கள்ளச் சாராயம் அல்ல. அரசாங்கம் ஏலம் விட்ட சாராயம். காண்டிராக்டர் பணம் கட்டி உரிமை வாங்கியிருந்தார். அரசாங்கத்துக்குப் பல நூறு கோடி ரூபாய் வருமானம் வந்தது. சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அது நியாயமாக இருந்ததா?

பாடம் கேட்ட கேள்வி

1990-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பகல் எல்லாம் உழைத்த பெண்கள் இரவில் படிக்க வந்தார்கள். அவர்கள் படித்த புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை இருந்தது. குடியால் அழிந்த ஒரு குடும்பத்தின் கதை அது.

பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். "இது நம்ம வீட்டுக் கதைதானே" என்று பேசிக்கொண்டார்கள். அதுவரை ஒவ்வொருவரும் அதைத் தன் தலையெழுத்து என்று நினைத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் அதே கஷ்டம் என்பது சேர்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. துபகுண்டா பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். ரோசம்மா என்பவர் அவர்களில் முன்னால் நின்றார். தங்கள் ஊரில் சாராயம் விற்பதைத் தடுத்து நிறுத்தினார்கள்.

அவர்கள் செய்ததே அடுத்த புத்தகத்தில் ஒரு பாடமாக வந்தது. 'பெண்கள் ஒன்றுபட்டால்' என்பது அந்தப் பாடத் தலைப்பின் பொருள். மற்ற கிராமத்துப் பெண்கள் அதைப் படித்தார்கள். "அவர்களால் முடிந்தது, நம்மால் முடியாதா?" என்று கேட்டார்கள். 1992-ல் போராட்டம் நெல்லூர் மாவட்டம் முழுவதும் பரவியது. சாராய ஏலம் நடக்கும் இடத்துக்கே பெண்கள் போய் மறித்தார்கள்.

1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. 1997-ல் அந்த மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. சீமைச் சாராய வகைகள் திரும்ப வந்தன. ஒரு தடவை வென்றுவிட்டோம் என்று நியாயத்தை விட்டுவிட முடியாது. திரும்பத் திரும்பக் காக்க வேண்டும்.

நியாயத்துக்கு விலை உண்டு

அந்தப் பெண்கள் சும்மா ஜெயிக்கவில்லை. மறியலுக்குப் போன நாளில் கூலி கிடையாது. வீட்டில் சண்டை. வெளியில் மிரட்டல். "உனக்கெதற்கு ஊர் வம்பு?" என்ற பேச்சு. குடிக்காத கணவன் இருந்த பெண்களும் வந்தார்கள். அவர்கள் வீட்டில் கஷ்டம் இல்லை. பக்கத்து வீட்டுக் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக நினைத்ததால் வந்தார்கள்.

நமக்கு நஷ்டம் வராதவரை நியாயம் பேசுவது சுலபம். கொஞ்சம் நஷ்டம் வரும்போதும் விடாமல் நிற்கிறோமா என்பதுதான் பரீட்சை.

இன்னொன்றும் உண்டு. காரியம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் செய்யும் வழியும் நல்லதாக இருக்க வேண்டும். கடையை மூடச் சொல்லி மறிப்பது ஒரு வழி. குடித்தவனைப் பிடித்து அடித்து ஊர் நடுவே அவமானப்படுத்துவது இன்னொரு வழி. அவனும் ஒரு மனிதன். அவன் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு தீமையை ஒழிக்கப் போய் இன்னொரு தீமையைச் செய்யக் கூடாது.

மூன்று கேள்விகள்

நியாயம் பெரிய போராட்டத்தில் மட்டும் இல்லை. வயலிலும் உண்டு, வீட்டிலும் உண்டு, டீக்கடையிலும் உண்டு. ஒரு காரியம் செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இதனால் யாருக்கு என்ன ஆகும்? நம் கண்ணுக்குத் தெரியாதவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

2. அவர் இடத்தில் நான் இருந்தால் இதை ஏற்றுக்கொள்வேனா? நம் மகளுக்கு வரதட்சணை கேட்டால் கோபம் வருகிறது. நம் மகனுக்குக் கேட்கும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது? நாம் வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது வேறு படி வைக்கலாமா?

3. இதை எல்லோர் முன்னாலும் சொல்ல முடியுமா? மறைக்க வேண்டும் என்று தோன்றினால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

"காலம் காலமாக இப்படித்தான்" என்பது ஒரு பதில் ஆகாது. சாராயக் கடையும் பல காலமாக இருந்ததுதான். டீக்கடையில் சிலருக்குத் தனி டம்ளர் வைத்ததும் பல காலம் நடந்ததுதான். பழக்கம் என்பதால் ஒன்று நியாயம் ஆகிவிடாது. இந்த மூன்று கேள்விகளுக்கும் அது பதில் சொல்ல வேண்டும்.

சேர்ந்து பேசுங்கள்

- ஒரே வயலில் ஒரே நேரம் வேலை செய்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. பெண்ணும் அதற்குச் சம்மதித்தாள். இது நியாயமா?

- உங்களுக்குத் தெரிந்த கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறார். உங்களுக்கு மட்டும் சரியாக நிறுத்துக் கொடுக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

- சட்டப்படி சரியாக இருந்து, நியாயமாக இல்லாத ஏதாவது ஒன்று உங்கள் ஊரில் உண்டா? அதை மாற்ற யார் யார் சேர வேண்டும்? என்ன வழியில் செய்யலாம்?

உங்கள் பதில்களை நோட்டில் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.