ஒரே லாகின், எல்லாக் கதவும்: கல்லூரிக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு

சித்தூர், புத்தூர், நகரி பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் திருப்பதிக்குப் படிக்கப் போகிறார்கள். சிலர் 1954இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில், சிலர் 1983இல் வந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில், இன்னும் சிலர் 2015இல் தொடங்கிய ஐஐடியிலோ ஐசரிலோ சேர்கிறார்கள். காட்பாடி ரயில் ஏறி வேலூர்ப் பக்கம் போகிறவர்களும் உண்டு. எங்கே சேர்ந்தாலும், கல்லூரிக்கென்று ஒரு யூசர் ஐடியும் தற்காலிகப் பாஸ்வேர்டும் கைக்கு வரும். மெயில், வைஃபை, வருகைப் பதிவு, மதிப்பெண், ஃபீஸ், நூலகம் என எல்லாவற்றையும் இந்த ஒரே லாகினின் கீழ் கொண்டுவந்துவிட்ட கல்லூரிகள் இன்று பல. சாவி ஒன்றுதான் என்பதால் அது யார் கையில் இருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

அதனால் முதல் வேலை, கணக்கை உங்கள் கைக்குக் கொண்டுவருவது. நுழைவுத் தேர்வுக்கும் கவுன்சிலிங்குக்கும் பெரும்பாலும் நெட் சென்டரில்தான் விண்ணப்பம் போடுகிறோம். மெயில் ஐடியை அங்கே இருப்பவரே உருவாக்கித் தருவார். மொபைல் எண்ணாக அப்பாவுடையதோ மாமாவுடையதோ போயிருக்கும். அதே எண்ணும் மெயிலும் கல்லூரிப் பதிவேட்டிலும் ஏறினால், பாஸ்வேர்டை மாற்றும் ஓடிபி ஊரில் இருக்கும் போனுக்குப் போகும். நீங்கள் ஹாஸ்டலில் காத்திருப்பீர்கள். வகுப்பு தொடங்கிய வாரத்திலேயே கல்லூரிக் கணினி மையத்துக்கு அடையாள அட்டையோடு போய், உங்கள் சொந்த எண்ணையும் சொந்த மெயிலையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்த சிம் முடக்கப்படும், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது பாஸ்வேர்ட். தற்காலிகமாகத் தந்ததை அன்றே மாற்றுங்கள். அது பல இடங்களில் ரோல் நம்பராகவோ பிறந்த தேதியாகவோ இருக்கும், பக்கத்து பெஞ்சுக்காரருக்கும் தெரியும். திருப்பதியில் படிப்பவர் கோவிந்தா, பாலாஜி என்று வைத்தால் ஊகிப்பவர் முதலில் முயல்வது அதைத்தான். சின்னச் சொல்லில் ஒரு எண்ணையும் ஒரு குறியையும் செருகுவதைவிட நீளம்தான் காப்பு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், பாஸ்வேர்ட் மட்டுமே காவலாக இருக்கும் இடத்தில் குறைந்தது 15 எழுத்து வேண்டும் என்று 2025இல் வரையறுத்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள்: மாங்கொட்டை, பம்ப்செட், சில்லறை, நத்தை என்பது போல. இதே சொற்கள் வேண்டாம், உங்களுக்கே தோன்றியவை வேண்டும். பாட்டு வரி, பழமொழி கூடாது. இந்தப் பாஸ்வேர்டை இன்ஸ்டாகிராமிலோ ஷாப்பிங் ஆப்பிலோ பயன்படுத்தவே கூடாது. அங்கே கசிந்தால் இங்கே கதவு திறந்துவிடும்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பு வசதி இருந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸைவிட, முப்பது விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் மாறும் ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. அப்போது தரும் மாற்றுக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். போன் தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும்.

காரணம் தெரியாமல் மாணவர்கள் அதிகம் திண்டாடும் இடம் ஒன்று உண்டு. பாஸ்வேர்டை மாற்றுகிறீர்கள். ஆனால் போன், டேப்லட், லேப்டாப் மூன்றிலும் வைஃபைக்குப் பழைய பாஸ்வேர்டே பதிந்திருக்கிறது. அவை தாமாகவே பழையதை மறுபடி மறுபடி அனுப்பும். சர்வர் அதை யாரோ திருட முயல்வதாக எடுத்துக்கொண்டு கணக்கைப் பூட்டிவிடக்கூடும். சிறிது நேரம் கழித்துத் திறக்கும், மறுபடி பூட்டும். ஆகவே மாற்றுவதற்கு முன்பே எல்லாக் கருவியிலும் அந்த வைஃபையை 'ஃபர்கெட்' செய்துவிடுங்கள். மெயில் ஆப்பிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு புதியதைப் போடுங்கள். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாளன்று பாஸ்வேர்ட் மாற்றும் வேலையே வேண்டாம்.

லேபில் வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' அழுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒற்றை லாகினில் ஒரு தளத்திலிருந்து வெளியேறினாலும் மற்றவை திறந்தே இருக்கக்கூடும். பொதுக் கணினியில் இன்காக்னிட்டோ சன்னலில் வேலை பாருங்கள், முடிந்ததும் எல்லாச் சன்னலையும் மூடுங்கள்.

ஏமாற்று மெயிலைக் கண்டுபிடிக்க ஒரே விதி போதும். ஒழுங்காக அமைந்த ஒற்றை லாகினில் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும் பக்கம் ஒன்றே ஒன்றுதான். மற்ற தளங்கள் அந்தப் பக்கத்துக்கு உங்களை அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளுமே தவிர, பாஸ்வேர்டைப் பார்ப்பதில்லை. அதன் முகவரியை மனப்பாடம் செய்யுங்கள். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசிப் பகுதியைப் பாருங்கள். .ஏசி.இன், .எடு.இன் என்ற முடிவுகளை எர்நெட் இந்தியா கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே தருகிறது. முகவரியின் தொடக்கத்தில் கல்லூரிப் பெயர் இருப்பதற்கு மதிப்பே இல்லை, அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாட்டிக்கொண்டால் வெட்கப்படாதீர்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றி, கணினி மையத்தில் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930க்கு அழையுங்கள்.

நண்பனுக்கும் பாஸ்வேர்ட் தரக்கூடாது. பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: மதிப்பெண் பார்க்கப் பிள்ளையின் லாகினைக் கேட்காதீர்கள். பெற்றோருக்கெனத் தனி லாகின் தரும் கல்லூரிகள் இருக்கின்றன, அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இத்தனை காவலும் எதற்கு என்றால், அந்த லாகினுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. காந்திநகரில் உள்ள நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் ஏற்பாட்டில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், ஊரில் வீட்டில் உட்கார்ந்தபடியே நூலகத்தின் ஆய்விதழ்களைப் படிக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவைத்திருக்கிறது. கல்லூரிகளுக்கிடையேயான வைஃபை ஏற்பாடான எடுரோம் உள்ள கல்லூரியில் படித்தால், அதே ஐடியில் எடுரோம் உள்ள வேறு கல்லூரிகளிலும் வைஃபை கிடைக்கும். அதற்கு ஐடியை முழு மெயில் முகவரி போல அடிக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் கணக்கை மூடிவிடும். ஸ்வயம், என்பிடெல், டிஜிலாக்கர், வேலை விண்ணப்பங்கள் எதிலாவது கல்லூரி மெயிலைக் கொடுத்திருந்தால், கடைசி செமஸ்டரிலேயே சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். பிராஜெக்ட் கோப்புகளையும் இறக்கி வையுங்கள். டிசி வாங்கப் போகும் நாளுக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.