மூளைச் சவ்வைப் பற்றும் க்ஷயரோகம்

க்ஷயரோகம் என்றதும் இருமலும் கோழையில் இரத்தமுமே கிராமத்தாரின் நினைவுக்கு வருகின்றன. அதே கிருமி இரத்தத்தின் வழியே சென்று, மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வைப் பற்றுவதும் உண்டு. சிறு குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. தொற்றுடையவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம்.

இவ்வியாதி ஒரே நாளில் வெளிப்படுவதன்று. முதலில் சில நாட்களோ சில வாரங்களோ இலேசான காய்ச்சல், தலைவலி, வாந்தி, காரணமற்ற சிணுங்கல் ஆகியவையே காணும். பல் முளைக்கிறதென்றும் திருஷ்டி தோஷமென்றும் எண்ணி அக்காலம் வீணாகிறது. பின்னரே கழுத்து விறைத்து, பார்வை மாறுகண்ணாகி, வலிப்பும் மயக்கமும் நேரிடுகின்றன.

ஸ்ட்ரெப்டோமைசின் வருமுன் இந்நோய் கண்டவர் பிழைப்பது மிக அரிது. அம்மருந்தைச் சோதித்து 1948-ல் அறிக்கை வெளியிட்ட பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நோயாளிகளை 3 நிலைகளாகப் பிரித்தது. அறிவு தெளிவாயிருப்பவர் முதல் நிலை. நினைவிழந்தவர் மூன்றாம் நிலை. சிறிது திருத்தத்துடன் இன்றும் வழங்கும் அப்பாகுபாட்டில், எந்த நிலையில் சிகிச்சை தொடங்கியது என்பதே முடிவைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது.

முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுத்தால் கால் முடங்கும் என்னும் அச்சத்தால் பெற்றோர் சிலர் பரீட்சைக்கு இசைவதில்லை. தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் அவ்வூசி செலுத்தப்படுகிறது. பிற்பாடு கால் முடங்கினால், அது பெரும்பாலும் வியாதியின் செயலே. அந்நீரில் கிருமிகள் சொற்பமாகையால் பரீட்சையில் அகப்படாமலும் போகலாம். ஆகவே சந்தேகம் வலுத்தவுடனேயே வைத்தியர் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்.

மருந்து 9 முதல் 12 மாதம் வரை நீடிக்கும். தேறியதாகத் தோன்றினும் நடுவில் நிறுத்தலாகாது. வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004-ல் வெளியான ஆராய்ச்சியில், டெக்ஸாமெத்தஸோனையும் சேர்த்துப் பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 32 பேரும், பெறாதவர்களில் 41 பேரும் இறந்தனர். ஆயினும் பிழைத்தவர்களின் அங்கஊனம் அதனால் குறையவில்லை. மூளையில் நீர் தேங்கினால் சஸ்திர சிகிச்சையும் தேவைப்படலாம்.

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளுக்குப் பெருமளவு காப்பளிக்கிறது, முழுக் காப்பன்று. காய்ச்சலும் வாந்தியும் நீடிக்கும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும்போது, வீட்டில் எவருக்கேனும் க்ஷயம் இருந்ததாயின், அதை மறையாமல் வைத்தியரிடம் முதலிலேயே தெரிவித்தல் வேண்டும்.