சரக்கு ஏற்றும் வண்டி: பின் ஸ்பிரிங்கை எடைக்குத் தக்கபடி வைப்பது எப்படி?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மொத்தக் கடைகளில் சரக்கு எடுத்து, சுற்றுக் கிராமங்களில் சில்லறை வியாபாரம் செய்யும் மளிகைக்காரருக்கு இரு சக்கர வண்டிதான் லாரி. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 முதல் 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 வரை, மொபெட் நம் தொழிலுக்குப் பெரும் துணை. மோட்டார் சைக்கிளிலும் மூட்டை ஏறுகிறது. ஆனால் எடை தாங்கும் ஷாக் அப்சார்பரை மட்டும், ஆயில் ஒழுகும் வரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

எடைக் கணக்கு

வண்டியின் புத்தகத்தில் குறித்திருக்கும் சுமையளவில் ஓட்டுபவரின் எடையும் சேர்த்தி. பலர் இதைக் கணக்கில் கொள்வதில்லை. உதாரணமாக, கடைக்காரர் 65 கிலோ, சர்க்கரை மூட்டை 50 கிலோ, எண்ணெய் டின் 15 கிலோ என்றால் மொத்தம் 130 கிலோ. வண்டியின் அளவு 130 என்றால், அதற்கு மேல் ஒரு சிப்பம் அரிசிக்கும் இடமில்லை.

சுமை பின்னால் அழுத்தினால் என்ன ஆகும்?

பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரத்தின் பிடி குறையும், ஹேண்டில் ஆடும். வேகத்தடையில் ஸ்பிரிங் அடிவரை அமுங்கி 'டக்' என்று இடிக்கும். இரவில் ஹெட்லைட் மேல்நோக்கி எழும்பி, எதிரே வரும் டிரைவரின் கண்ணைக் கூசச் செய்யும். பஸ்ஸும் லாரியும் ஓயாத திருமங்கலம்-கொல்லம் நெடுஞ்சாலையில் இது உயிருக்கே ஆபத்து.

படி மாற்றும் முறை

பல மோட்டார் சைக்கிள்களில் பின் ஸ்பிரிங்கின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில் ஐந்து படிகள்.

1. சரக்கை இறக்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

2. கொக்கி ஸ்பானரால் வளையத்தைத் திருப்புங்கள். தனியாகப் போகும்போது கீழ்ப்படி. சரக்கு ஏற ஏற மேல்படி.

3. இருபுறமும் ஒரே படியில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

4. நடு ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையில் படாதபோது, அச்சிலிருந்து நேர்மேலே சீட் ஓரம் வரை அளந்து கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, சரக்கோடு ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டின் வித்தியாசம், சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. அசைவு 9 செ.மீ. என்றால் 3 செ.மீ. அதிகம் தாழ்ந்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

படியை ஏற்றுவதால் வண்டியின் சக்தி கூடிவிடாது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பதால் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவே. பிரேக்கும் டயரும் சட்டமும் பழையவைதான். சரக்கை இறக்கியதும் படியையும் இறக்குங்கள். இல்லாவிட்டால் காலி வண்டி துள்ளும். மணல் கிடக்கும் திருப்பத்தில் வழுக்கும்.

படி இல்லாத வண்டிகளில்

சில மொபெட்களில் இந்த வசதி கிடையாது. அங்கே சுமையை வைக்கும் இடமே மருந்து. கனமான மூட்டை முன்னால், காலடித் தட்டில். அப்பளம், பிஸ்கட் போன்ற லேசான சரக்கு பின் கேரியரில். இருபுறமும் தொங்கவிட்டால் எடை சமமாக இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை

சீட்டின் பின்பக்கத்தை அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுங்கள். டயர் காற்றுக்கும் புத்தகத்தில் ஒருவருக்கு ஓர் அளவு, இருவருக்கு ஓர் அளவு இருக்கும். சரக்கு நாளில் பின் டயருக்கு இரண்டாவது அளவைப் பிடியுங்கள். பின்பக்கம் தாழும்போது செயின் இறுகும். அதன் தொய்வையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

இரண்டு நடையாகக் கொண்டுவந்தால் கூடுதல் செலவு சிறிது பெட்ரோல்தான். ஒரே நடையில் ஏற்றி வண்டி கவிழ்ந்தால், சரக்கோடு கடையும் பல நாள் மூடிக் கிடக்கும். எது லாபம் என்று வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை.